இத்தாத் திரைக்கு அப்பால் உள்ள வீட்டையும் மதிப்பிடக் கோரும் மனு

மனுதாரர்:
ஆதம்பாவா ஸைனுலாப்தீன்,
கடற்கரை வீதி, மருதமுனை.

பெறுபவர்:
சங்கைக்குரிய காதியார் அவர்கள்,
கல்முனை.

விடயம்: என் மகள் சரீபாவின் வீட்டை மறுபடியும் மதிப்பிடுவித்தல்.

சங்கைக்குரிய காதியார் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

1. போன நோன்பு வரை பெருவிரல் அடையாளம் வைத்து வந்த நான், பள்ளிவாசல் முதியோர் வகுப்பில் எழுத்துக் கூட்டப் படித்து, இம்மனுவை என் கையாலேயே எழுதுகிறேன். மனு எழுதுபவரிடம் போகவில்லை. எழுத்துக் கோணலைப் பொறுத்தருளவும்.

2. என் மருமகன் மஜீட், சரீபாவுக்குத் தலாக் சொன்னது தாங்கள் அறிந்ததே. வீடு அவளுக்கு நாங்கள் சீதனமாக எழுதிக் கொடுத்தது. முன்மண்டபம் மட்டும் மஜீட் தறி போடுவதற்காகத் தன் செலவில் கட்டியது. அதன் பெறுமதியை அவர் கேட்கிறார். கேட்பது நியாயம்.

3. தாங்கள் அனுப்பிய மதிப்பீட்டு ஐயா வந்தார். மண்டபத்துச் சுவரை விரல் முட்டியால் தட்டி, உள்ளே செங்கல்லா களிமண்ணா என்று சொன்னார். அண்ணாந்து பார்த்து, மாரியில் எந்த மூலை ஒழுகும் என்று சுட்டிக் காட்டினார். அந்த மூலையில்தான் நாங்கள் வாளி வைப்பது. அவர் எங்கள் வீட்டுக்கு அதற்கு முன் வந்தவரல்லர். ஸுப்ஹானல்லாஹ், மனிதனுக்கு இப்படியும் ஓர் அறிவு கொடுக்கப்பட்டிருக்கிறதே என்று வாய் பிளந்து நின்றேன்.

4. பிழை அதன் பின் நடந்தது. சரீபா, தலாக்கின் பின் பெண் காத்திருக்க வேண்டிய இத்தாவில் இருக்கிறாள். அந்நிய ஆண் அவளைப் பார்க்கலாகாது. இத்தா முடியும் வரை அவளும் வீட்டை விட்டு வெளியேறலாகாது. உள்வாசலில் திரை தொங்கியது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்த ஐயா, திரையைக் கண்டு தலை குனிந்து நின்றுவிட்டார். அப்பால் எத்தனை அறை என்று கேட்டார். இத்தாப் பெண் இருக்கும் இடத்தை வேற்று ஆணுக்கு விவரிப்பது ஒழுங்கல்ல என்று எண்ணி, நான் மறுமொழி சொல்லவில்லை. என் தமக்கை திரைக்குப் பின்னால் நின்று பலமாக இருமினாள். ஐயா மேற்கொண்டு கேட்கவில்லை.

5. அறிக்கையின் பிரதியை நானே வாசித்தேன். ஒரு பகல் சென்றது. முன்மண்டபமே முழு வீடு என்றும், அதைக் கட்டியவர் மஜீட் என்றும் உள்ளது. சரீபா பிறந்த வருடம் அத்திவாரம் போட்டு, அவள் கலியாணத்துக்கு முன் முடித்த நடுவீடும் அறைகளும் குசினியும் கிணறும் அதில் இல்லை. நாங்கள் சோறு தின்னும் வீடு கடதாசியில் இவ்வளவு எளிதாக இல்லாமற்போகும் என்று எனக்குத் தெரியாது. அடுத்த விசாரணையில் இதுவே நிலைத்தால், வீடு முழுவதும் மஜீட் கட்டியதென்றாகி, அதன் பெறுமதி எல்லாம் அவருக்குப் போகும். வீட்டை விற்றே கொடுக்க வேண்டும். இத்தா முடிவதோ விசாரணைக்குப் பிறகு.

6. ஆகவே, விசாரணைக்கு முன் அந்த ஐயாவையே மறுபடி அனுப்பி வைக்க வேண்டுகிறேன். அவர் ஓர் அறைக்குள் வரும்போது, என் தமக்கையும் அயற்பெண்களும் சேலை பிடித்து மறைக்க, சரீபா அடுத்த அறைக்குப் போய்விடுவாள். வீட்டை விட்டு வெளியேறவும் மாட்டாள். கண்ணில் படவும் மாட்டாள். இம்முறை நானும் கேட்டதற்கு மறுமொழி சொல்வேன். இதில் மார்க்கத்துக்கு விரோதம் உண்டா என்பதைத் தாங்களே சொல்ல வேண்டும்.

7. இதுவரை எழுதியதைச் சரீபாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சொன்னது: “வாப்பா, மண்டபம் அவர் கட்டினதுதான். அதுல ஒரு ஓடும் குறையாம எழுதச் சொல்லுங்க. மத்தது எனக்குப் போதும்.” தலாக் சொல்லப்பட்ட பிள்ளை இப்படிச் சொன்னது, அவளைப் பெற்ற எனக்கே புதிதாக இருந்தது. அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். அதையும் தங்கள் தீர்ப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தங்கள் நீதியை நம்பி மன்றாடும்,

ஆ. ஸைனுலாப்தீன்
(சுய கையொப்பம்)

மருதமுனை,
14.08.1957