போன் உறைக்குள் இருக்கும் பையன்

அன்புள்ள அம்மாவுக்கு, பிரவீணா வணக்கத்துடன் எழுதுவது. அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே மெர்கோங்கில் எனக்கு வேலையும் சாப்பாடும் சரியாகவே இருக்கின்றன.

நான் ஒரு சீனப் பையனை விரும்புவதாக உங்கள் காதுக்கு வரலாம். போனில் சொல்லக் கூச்சமாக இருந்ததால் எழுதுகிறேன். அது உண்மையில்லை. என் போன் உறைக்குள் இருப்பது ஒரு கொரியப் பாடகனின் படம். அவனுடைய பாட்டுக் கம்பெனி வெளியிட்டதுகூட இல்லை, ரசிகைகளே அச்சடித்து விற்கும் அட்டை. சாய்த்தால் வானவில்லாக மின்னும்.

பக்கத்து வீட்டு வாசுகி அக்கா அதைப் பார்த்துவிட்டார். அவருடைய தங்கை நம் குளுவாங் எஸ்டேட்டில்தான் இருக்கிறாராம்.

"யாருமா இது, சீனப் பையனா? ஆளு பளபளன்னு நல்லாத்தான்லா இருக்கான்! அம்மாவுக்குத் தெரியுமா?" என்றார்.

நான் மறுக்காமல் சிரித்தேன். குடிவந்த பிறகு ஒருவர் என்னிடம் நின்று பேசியது அன்றுதான். இல்லை என்று சொன்னால் உள்ளே போய்விடுவாரே என்றிருந்தது. இப்போது தினமும் வாசல் கேட் பக்கத்தில் நின்று, "இன்னிக்குப் போன் பண்ணானா?" என்று கேட்கிறார்.

எலுமிச்சை ஊறுகாய் இரண்டு போத்தல் அனுப்புங்கள், அம்மா. ஒன்றை அக்காவிடம் கொடுத்து உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதன்பிறகு காலிப் போத்தலைத் திருப்பித் தரவாவது வருவார்.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது, இத்துடன் முடிக்கிறேன்.

உங்கள் மகள்,
பிரவீணா