லோடு பட்டியலில் ஒரு தையல் மெஷின்

மார்ச் 3, செவ்வாய்

மின்கட்டணம் வந்தது. போன தடவையைவிட ஒன்றரை மடங்கு. தம்பி பார்த்துவிட்டு, "பகல்ல இப்போ நீ வீட்டுல இருக்கேல்லக்கா, அதான்" என்றான். நான் வீட்டில் உட்கார்வதற்கு இவ்வளவு விலையா? அதுவும் ஒரு நாளைக்கு இரண்டு தடவை கரண்ட் போகிற லட்சணத்தில்!

முடிவு செய்துவிட்டேன். சோலார் போடப் போகிறேன். முப்பத்து நான்கு வருடம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றபோது கிடைத்த பணம். பாதி வங்கியில் இருக்கிறது, மீதியில் இது. தப்பாகப் போனால் திரும்பச் சம்பாதிக்க இன்னொரு முப்பத்து நான்கு வருடம் எனக்குக் கிடையாது. இந்த வீட்டில் நானும் தம்பியும் இரண்டே பேர். கடைசி வரை அப்படித்தான் இருக்கப் போகிறோம். இரண்டு பேருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு போதும்.

மார்ச் 6, வெள்ளி

முதல் ஆள் வந்தார். டை, பாலிஷ் போட்ட ஷூ, கையில் டேப்லெட். "மாடிக்குப் போகலாமா?" என்றேன். "தேவையே இல்லை மேடம். சாட்டிலைட்லயே பார்த்தாச்சு" என்று படத்தைக் காட்டினார். அது பக்கத்து வீட்டு மாடி. சொன்னேன். மனிதர் அசரவில்லை. "கிட்டத்தட்ட அதே அளவுதானே மேடம்!"

எட்டு கிலோவாட் போடச் சொல்கிறார். எதிர்காலத்துக்கு நல்லதாம். பேனலுக்கு இருபத்தைந்து வருடம் கேரண்டியாம். எனக்கு ஐம்பத்தெட்டு முடிந்துவிட்டது, எனக்கு யார் கேரண்டி என்று கேட்டேன். சிரிக்கவே இல்லை. தம்பி மட்டும் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டு, அங்கேயே கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தான். என்ன பேச்சோ.

மார்ச் 9, திங்கள்

இரண்டாவது ஆள் நேரில் வருவதே இல்லை. வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்புகிறார். நின்று, நடந்து, எதையோ மென்றுகொண்டு. காலையிலிருந்து பதினான்கு. விலை மலிவு, மின்வாரியக் கம்பியோடு நேரே இணைத்துவிடலாம், பேட்டரியே வேண்டாம் என்கிறார். எனக்கே ஆசை வந்துவிட்டது. கடைசியில் ஒரு சந்தேகத்துக்குக் கேட்டேன்: கரண்ட் போனால் இது ஓடுமா?

பதினைந்தாவது குரல்: "அது எப்படிம்மா ஓடும்? கரண்ட் போனா இதுவும் நின்னுடும். அதுதான் பாதுகாப்பு."

கரண்ட் போவதால்தானே ஐயா நான் சோலாரே போடுகிறேன்! பதினான்கு தடவை பேசினவருக்கு இதை முதலிலேயே சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

இன்று இன்னும் பதினொன்று. ஒன்றையும் கேட்கவில்லை.

மார்ச் 14, சனி

மூன்றாவது ஆள் தன் ஏணியைத் தானே கொண்டுவந்தார். ஒரு வார்த்தை அதிகமாகப் பேசவில்லை. டேப்பை வைத்து மாடியை அளந்தார். பிறகு மூன்று மணி வரை வெயிலில் அங்கேயே நின்றார், தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே விழுகிறது என்று பார்க்க. "தொட்டியை அந்த மூலைக்குத் தள்ளணும்மா. இல்லைன்னா சாயங்காலம் ரெண்டு பேனல் சும்மாதான் கிடக்கும்." இந்த ஒரு ஆளாவது வேலை தெரிந்தவர் என்று தெம்பு வந்தது.

பேட்டரியும் உண்டு, மின்வாரியத்தோடும் சேரும். விலை கூடத்தான். ஆனால் எத்தனை கிலோவாட் என்று அவர் சொல்லவில்லை. ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "வீட்டுல கரண்ட்ல ஓடுற ஒவ்வொண்ணையும் எழுதுங்க. எத்தனை மணி நேரம் ஓடுதுன்னும் எழுதுங்க. இதுதான் லோடு பட்டியல். இதுல பொய் எழுதினா அப்புறம் பேட்டரி காட்டிக்கொடுத்துடும்" என்றார்.

மார்ச் 15, ஞாயிறு

பென்சிலால் எழுதி முடித்தேன். மூன்று ஃபேன், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்ஸி, டிவி, ஹீட்டர் ஒன்று, ஏசி ஒன்று (என் அறை). மூன்று கிலோவாட் தாராளம். தாளை ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்தேன்.

சாயங்காலம் பார்த்தால் கீழே தம்பியின் கையெழுத்து. ஏசி இன்னொன்று. தையல் மெஷின் இரண்டு. பெரிய அயர்ன் பாக்ஸ்.

"தையல் மெஷின் யாருக்குடா?" என்றேன்.

"எதிர்காலத்துக்குக்கா."

அந்த டை கட்டினவன் இவனை மயக்கிவிட்டான், வேறென்ன. அழித்துவிட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

மறுபடி எழுதியிருக்கிறான். மறுபடி அழித்தேன். பகல் முழுக்க டிரைவிங் ஸ்கூல் காரில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன், வீட்டில் பென்சிலை வைத்துக்கொண்டு விளையாடுகிறான். வயது ஐம்பத்தொன்று.

மார்ச் 19, வியாழன்

இந்தத் தடவை பேனாவால் எழுதியிருக்கிறான்!

மார்ச் 21, சனி

ஏணிக்காரர் போன் செய்தார். முன்பணம் கொடுத்தால் இந்த மாத விலைக்கே பேனல் எடுத்துவிடலாமாம். நான் மூன்று கிலோவாட் என்றேன். அவர் தயங்கினார். "உங்க தம்பி நேத்து கடைக்கு வந்தாரும்மா. தையல் மெஷின் காலைல பத்துலேருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் ஓடும், மத்தியானம் ஒரு மணி நேரம் மட்டும் நிக்கும்னாரு. அதைச் சேர்த்தா மூணு பத்தாதே?"

பத்திலிருந்து ஆறு வரை. நடுவில் ஒரு மணி நேரம். இது எதிர்காலம் இல்லை. ஏற்கெனவே எங்கோ ஒரு ஆள் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கிறாள்.

அவன் வந்ததும் கேட்டேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அப்படியே நின்றான். கடைசியில் சொன்னான். தையல்காரி. சொந்தமாகச் சின்னக் கடை, வாடகை இடம். அவனிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள். நாற்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொண்டு, கடையையும் நம் வீட்டு முன்னறைக்கே கொண்டுவந்துவிடலாம் என்று இரண்டு பேருமே நினைக்கிறார்களாம். பழக்கம் ஒன்றரை வருடமாம். ஒன்றரை வருடம்!

"ஏன்டா எங்கிட்ட சொல்லலை?"

"பயமா இருந்துச்சுக்கா."

பயமாமே. என்னைப் பார்த்தா? நான் என்ன பேயா, பிசாசா? பள்ளிக்கூடத்துக்குத் தலை சீவி அனுப்பினவ நான். காய்ச்சல்ல ராத்திரி பூரா உட்கார்ந்து பார்த்தவ நான். வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியலை, லோடு பட்டியல்ல எழுதி வைக்கிறான்!

ஏணிக்காரரிடம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

பேசவில்லை. அவனும் பேசவில்லை.

மார்ச் 26, வியாழன்

அம்மா போனபோது அவனுக்குப் பதிமூன்று, எனக்கு இருபது. எனக்கு வந்த இடங்களை நானே வேண்டாம் என்றேன். அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை. ஆனால் அவனுக்கும் மூன்று இடம் வந்தது. ஒருத்தி ரொம்ப உயரம். ஒருத்தியின் அப்பா வாய் ஓயாமல் பேசினார். மூன்றாவதற்கு என்ன குறை சொன்னேன்? யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகமே வரவில்லை. குறை சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அவன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். அவனுக்கும் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

எக்ஸ்ரே மெஷின் முன்னால் வந்து நின்ற ஒவ்வொருவரிடமும், "மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லியே என் காலம் போனது. அவர்கள் எல்லாரும் ஒரு நிமிடத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இவன் மட்டும் நின்றுகொண்டே இருந்திருக்கிறான்.

அவள் வந்தால் இந்த வீட்டில் நான் யார்? அதுவும் இருக்கிறது. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. எனக்கும் பயம்தான்.

ஏப்ரல் 2, வியாழன்

இட்ட கட்டளை மாதிரி இல்லாமல், சாதாரணமாகச் சொல்ல முயன்றேன்: "ஞாயித்துக்கிழமை அவங்களை வரச்சொல்லு." கட்டளை மாதிரிதான் வந்தது.

ஏப்ரல் 5, ஞாயிறு

வந்தாள். என்னைப் பார்த்துப் பயந்தவளாகத் தெரியவில்லை. உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"லோடு பட்டியலை அவரு குத்துமதிப்பா எழுதியிருக்காரு அக்கா. இது சரியான கணக்கு."

மோட்டார் தொண்ணூறு வாட், இரண்டு. பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டைப் பார்த்து எழுதியிருக்கிறாள். அயர்ன் பாக்ஸ் ஆயிரம் வாட், ஆனால் நாள் முழுவதற்கும் சேர்த்து நாற்பது நிமிடம்தான் ஓடுகிறது. ஒரு வாரம் கடிகாரம் வைத்துப் பார்த்தாளாம். இந்த ஒரு மாதத்தில் டை கட்டினவரும், குரல் அனுப்பினவரும், என் சொந்தத் தம்பியும் சொல்லாத உண்மையான எண்களை முதல் முதலாக இவள் கொண்டுவந்திருக்கிறாள். எரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன், ஆனாலும் சீட்டை இரண்டு தடவை படித்தேன்.

"ஏசி இன்னொண்ணு எதுக்கு?" என்றேன்.

"எனக்கு வேண்டவே வேண்டாம். அந்தக் காத்துல தலை வலிக்கும். அவரா எழுதினது அது." தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கேயே ஏணிக்காரருக்குப் போன் போட்டேன். எண்களைப் படித்தேன். கூட்டிப் பார்த்துவிட்டு நான்கு கிலோவாட் என்றார்.

ஏப்ரல் 8, புதன்

முன்பணம் கட்டப் போனோம். மூன்று பேரும். நான் காசோலையை எடுக்கும்போது அவள் ஒரு கவரை மேசையில் வைத்தாள். தன் பங்காம், மூன்றில் ஒன்று. "என்னத்துக்கு இது? உள்ளே வை" என்றேன். கொஞ்சம் அதட்டலாகவே சொல்லியிருப்பேன்.

"வாங்கலைன்னா நான் உங்க வீட்டுக்கு விருந்தாளிதான் அக்கா. விருந்தாளியா வர எனக்கு இஷ்டமில்லை."

ஏணிக்காரர் கவரையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வாங்கிக்கொள்ளச் சொன்னேன். தம்பி அவசர அவசரமாகத் தன் பர்ஸைத் துழாவினான். அதில் இருந்தது பெட்ரோல் பில்.

ஏப்ரல் 27, திங்கள்

தொட்டியை நகர்த்தினார்கள், குழாய் உடைந்தது. பேனல் ஏற்றினார்கள், கைப்பிடிச் சுவரில் பெயிண்ட் போனது. மீட்டர் மாற்ற வரவேண்டிய மின்வாரியத்துக்காரர் இன்றும் வரவில்லை, மூன்றாவது தடவை. பத்துப் பேனலும் வெயிலில் காய்கின்றன, கட்டணம் பழைய மாதிரியே ஓடுகிறது. பணத்தைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மே 6, புதன்

மீட்டர் மாற்றினார்கள். ஓடுகிறது. கரண்ட் போனது எனக்குத் தெரியவே இல்லை, தெருவில் மற்றவர்கள் முணுமுணுத்துத்தான் தெரிந்தது.

மே 20, புதன்

பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன். பேனா எழுதவில்லை, இரண்டு தடவை போட வேண்டியதாயிற்று. கண் கலங்கியது பேனாவால் இல்லை.

ஜூன் 12, வெள்ளி

காலையிலேயே கரண்ட் போய்விட்டது. பேட்டரியில் ஓடும்போது பெரிய சாமான்களை ஒன்றாகப் போடாதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன். அவள் முன்னறையில் அயர்ன் பாக்ஸ். இவன் குளிக்க ஹீட்டர். இன்வெர்ட்டர் கீச்சென்று கத்திவிட்டு நின்றது. ஃபேன் எல்லாம் நின்றுபோயின.

நான் ஆரம்பித்தேன். பொறுப்பு இல்லை, காது இல்லை, இவ்வளவு வயதாகியும் புத்தி இல்லை. ஐந்து நிமிடம் விடாமல் பேசியிருப்பேன். அவன் துண்டோடு குளியலறை வாசலில் வந்து நின்று கத்தினான்:

"அக்கா! உன் ரூம்ல ஏசி ஓடிட்டிருந்துச்சே, அதை யாரு கணக்குல சேர்க்கிறது? முதல்ல அதை அணை! எப்பப் பார்த்தாலும் என்னையே சொல்லாத!"

தெருவுக்கே கேட்டிருக்கும். அவள் கையில் பாதி மடித்த சட்டையோடு அசையாமல் நின்றாள். அவனே மிரண்டு போய்விட்டான், ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

நான் என் அறைக்கு வந்து ஏசியை அணைத்தேன். கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினவனா இது என்று சிரிப்பு வந்தது. வெளியே கேட்டுவிடப் போகிறதே என்று தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன்.

எழுந்து போக வேண்டும். போகும்போது முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொள்ள வேண்டும். இன்னும் ஐந்து நிமிடம் ஆகட்டும்.