சில்வானோ விழுந்த இடம்

சாந்தா ரெகீனா, ஜூன் 9

அன்புள்ள எடெல்மிரா,

இங்கே அனைவரும் நலம். தொடையெலும்பில் கம்பியோடு படுத்திருக்கும் உன் அண்ணனையும் அந்த நலத்தில் சேர்த்தே எழுதுகிறேன். உன் நலத்தைப் பற்றி அலங்காரமில்லாமல் எழுது.

விபத்தை அறிந்ததும், "அந்த மலைச் சைக்கிளை வித்துத் தொலைக்கச் சொல்லும்மா" என்று எழுதியிருந்தாய். விற்கப் போவதில்லை. காரணம் புரிய வேண்டுமானால் நடந்ததை முறையாகச் சொல்ல வேண்டும். சில்வானோ அன்று மலைப்பாதையில் சைக்கிளில் தனியாகவே இறங்கியிருக்கிறான். ஈர வேரில் முன்சக்கரம் வழுக்கி அவனைத் தூக்கி எறிந்ததும் கைப்பேசியில் என்னை அழைத்து, "அம்மா, அரக்கன் சறுக்குல விழுந்துட்டேன், கால் போச்சு" என்றான். அது சைக்கிள்காரர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர். ஊர்க்காவல் குழுத் தலைவர் தோன் பிலெமோனிடம் ஓடினேன். அவரோ, "அறுபது வருஷமா இந்த மலையில ஆடு மேய்க்கிறேன் டீச்சரம்மா, அப்படி ஒரு எடமே கிடையாது" என்றார். கோயில் மணி அடித்து இருபது பேர் திரண்டார்கள். எல்லோரும் ஏறத் தயார், எந்தப் பக்கம் ஏறுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. முப்பதாண்டுகள் புவியியல் கற்பித்த எனக்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் புத்தி வந்தது. மறுபடி அழைத்து, பெயரை விட்டுவிட்டுக் கண்ணில் படுவதைச் சொல்லச் சொன்னேன். "உருளைக்கிழங்குச் செடி... சாஞ்ச வேலி... ஒரு சிவப்பு வாளி, காது பிஞ்சது" என்றான், அத்தோடு கைப்பேசி அணைந்தது. பிலெமோன் துள்ளினார்: "அட, அது என் வாளி! என் தோட்டத்துக்குக் கீழயா கெடக்கான் பாவி?"

போய்ச் சேர்ந்தபோது உதடு நீலம் பாய்ந்து, நடுங்கக்கூடத் தெம்பின்றிக் கிடந்தானாம். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் இக்கடிதத்தின் செய்தி வேறு. அவன் பையைப் பிறகு திறந்து பார்த்தேன்: இரண்டு டியூப், பம்பு, சங்கிலி பூட்டும் கருவி. சைக்கிளுக்கு வரக்கூடிய அத்தனை நோய்க்கும் மருந்து வைத்திருந்தவன் தனக்கென்று ஒரு கட்டுத்துணியோ விசிலோ வைத்திருக்கவில்லை. வேலிக்கழி இரண்டைப் பிடுங்கிக் காலோடு கட்டி, போர்வையில் கிடத்தி எட்டுப் பேர் சுமந்தார்கள். "முனகுறதுக்கு மட்டும் தெம்பு இருக்கு பாரு இவனுக்கு" என்று வழிநெடுகக் கிண்டல் வேறு.

அடுத்த ஊர்க்கூட்டத்தில் பாதையை மூடிவிடலாம் என்றார்கள். மூடினால் ஒளிந்துகொண்டு போவார்கள், அப்போது விழுந்தால் இடத்துக்கு எந்தப் பெயரும் சொல்லமாட்டார்கள் என்றேன். விவாதம் மதியம்வரை நீண்டது. முடிவில் வீட்டுக்கு ஒருவர் கூலியில்லாமல் வந்து வேலை செய்து, பாதை நெடுகக் கம்பம் நட்டு எண் எழுதினோம். மூன்று இடங்களில் பெட்டி வைத்து, முறிந்த எலும்புக்குக் கட்டும் சிம்பும் கம்பளியும் போட்டோம். தன் தோட்டத்துக்குக் கீழே வரும் ஒன்பதாம் கம்பத்தில் தன் பெயரும் வேண்டும் என்று பிலெமோன் அடம்பிடித்தார், எழுதிக் கொடுத்தேன். மக்காச்சோள அறுவடைக்குள் சில்வானோ நடப்பான் என்கிறார் மருத்துவர். கிறிஸ்துமஸுக்கே சைக்கிள் ஏறுவேன் என்கிறான் அவன். ஏறட்டும்.

நீயும் வான்கூவர் மலைகளில் ஞாயிறுதோறும் சைக்கிளில் தனியாக இறங்குகிறாய். "சொல்லிட்டுப் போக இங்க யாரும்மா இருக்கா?" என்று நீ கேட்டது அவன் எலும்பு முறிவைவிட என்னை உறுத்துகிறது. மூன்று வருடமாக ஒரே மாடியில் குடியிருக்கிறாய். எதிர்க் கதவைத் தட்டு. எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று சொல். தலைக்கவசம் கடையில் கிடைக்கும். இவளை இன்னும் காணோமே என்று எழுந்து வரும் ஓர் ஆளை நீதான் சம்பாதித்துக்கொள்ள வேண்டும்.

எலும்பும் புத்தியும் உறுதியாக இருந்து நீடு வாழ்க. பையில் என்னென்ன வைத்திருக்கிறாய் என்ற பட்டியலைப் பிறகு அனுப்பலாம். எதிர் வீட்டுக்காரரின் பெயரை முதலில் அனுப்பு.

உன் அம்மா,
ஒதீலியா