இரவல் போன ரேடியோ

என் வாயாடிப் பேத்திக்கு, பாட்டி ஆசையோடு எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். உன் அம்மாவுக்கு இருமல் விட்டுவிட்டது. என் முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. எதிர்வீட்டு டீச்சர், "பழைய சாமானைத் துடைக்கவா உங்க பேத்தி அவ்வளவு தூரம் போய்ப் படிக்கிறா?" என்று கேட்டாள். "எதைத் துடைக்கக் கூடாதுன்னு படிக்கிறா" என்றேன். அருங்காட்சியக மேல்படிப்பு என்று சொல்லும்போதே, அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு ஒரு சாண் உயரம் கூடிவிடுகிறது.

உன் கண்காட்சிக்கு நீ கேட்ட தாத்தாவின் ரேடியோவை நேற்று அனுப்பிவிட்டோம். நடந்த கூத்து உனக்குப் பாதிதான் தெரியும். நாலு பேர் பார்க்கப் போகிற பொருள் ஊமையாகப் போகக் கூடாதே என்றுதான் ரிப்பேர்காரரிடம் கொடுத்தேன். அவர் அதைப் பாட வைத்ததோடு நிற்காமல், குமிழ் உடைந்தபோது தாத்தா மாட்டிய பேஸ்ட் மூடியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு போட்டுவிட்டார். "ஐயோ பாட்டி, அந்த மூடிக்காகத்தானே கேட்டேன்!" என்று நீ போனில் கத்தியதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கடைக்கே போய்க் குப்பைக் கூடையைக் கவிழ்த்து எடுத்தேன். திரும்ப மாட்டச் சொன்னால், "என் வேலைன்னு நினைப்பாங்க பாட்டி, கடை மானம் போயிடும்" என்று மனிதர் அழாத குறை. "என் வீட்டுக்காரர் வேலைன்னு என் பேத்தி பக்கத்துலயே எழுதி வைப்பா" என்ற பிறகுதான் மாட்டினார். மறந்துவிடாதே.

ரேடியோ இருந்த இடத்தில் தூசி படாத ஒரு சதுரம் இருக்கிறது. உன் அம்மா துணியோடு வந்தாள். விடவில்லை. உன் தலையணை உறையையும் இன்னும் துவைக்க விடவில்லை.

படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலைக்குக் கூப்பிடுகிறார்களாம், நீ இன்னும் பதில் சொல்லவில்லையாம். "வான்னு மட்டும் எழுதிடாதீங்க அத்தை, அவளே முடிவு பண்ணட்டும்" என்று உன் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். நான் எழுதவில்லை.

நீ அனுப்பிய இரவல் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பார்சலில் திருப்பி அனுப்புவோம் என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு, வாங்கியவளே கையோடு கொண்டுவர வேண்டும் என்று எழுதினேன். கொடுத்தவள் அப்படிக் கேட்கலாம்தானே?

வேலை பிடித்திருந்தால் சேர்ந்துகொள், கண்ணு. நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும். ரேடியோவுக்கு ஒன்றும் அவசரமில்லை. வயசாகிவிட்டது, அவ்வளவுதான்.

உன் வரவு பார்க்கும்,
பாட்டி