சாம்பல் பூத்த பம்பர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் என் முதல் நினைப்பு. முந்தாநாள்தானே போனில் பேசினோம், இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் வந்தாலே உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி என்ன பேச முடியும். கடிதம் என்றால் தொல்லை இல்லை, என் பொடி எழுத்தை அவர் கண்ணால் படிக்க முடியாது. மளிகைப் பட்டியல் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு சமையலறை மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு நேரமாக என்ன பட்டியல் என்று ஹாலில் இருந்து ஒரு தடவை குரலும் கொடுத்தாகிவிட்டது. சின்னவள் பல் விழுந்த வாயோடு சிரிக்கும் படம் வந்தது, அதைப் பெரிதாக்கி அப்பாவிடம் காட்டினேன், கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள், வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது. என் முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் நடக்கிறேன்.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், திட்டாதே. அப்பா கண் டாக்டரிடம் ஒழுங்காகப் போகிறாரா என்று நீ கேட்கும்போதெல்லாம் போய்விட்டு வந்தோம், சொட்டு மருந்து தொடரச் சொன்னார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் ஒன்றரை வருஷமாக அவர் போகவே இல்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால் டாக்டரம்மா அவருக்குப் பக்கப் பார்வை போய்விட்டது, குழாய் வழியாகப் பார்ப்பது போல நேரே மட்டும்தான் தெரியும், இனி வண்டி ஓட்டக் கூடாது என்று சொன்னார். முப்பது வருஷம் டிரைவிங் ஸ்கூலில் எத்தனையோ பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்த மனிதர், அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அதெல்லாம் உனக்குத் தெரியும். இரண்டரை வருஷம் எப்படியோ இழுத்துப் பிடித்துக் கூட்டிப்போனேன். உனக்குத் தெரியாதது, அதற்கப்புறம் வாடகை வண்டி, பஸ் எதில் கூப்பிட்டாலும் வர மறுத்தது. "ஊர்ல பாதிப் பேருக்கு நான் சொல்லிக் குடுத்திருக்கேன், எவனோ ஓட்ட நான் மூட்டை மாதிரி பின்னால உக்காந்து போகணுமா" என்பார். கெஞ்சினேன், கோபித்தேன், இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். ஒன்றும் எடுபடவில்லை. மருந்துப் பாட்டிலைக் கடையில் காட்டி அதையே வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தோம். நீ அங்கே தனியாகக் கிடந்து கவலைப்படுவாய் என்றுதான் சொல்லவில்லை.

போன மாதம் திடீரென்று வண்டியை விற்றுவிடலாம் என்றார். நம் மெக்கானிக், மாதம் ஒரு முறை வந்து வண்டியைக் கிளப்பி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வைப்பாரே, அவரிடமே ஆள் பார்க்கச் சொல்லிவிட்டார். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கேட்டிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகப் பேச்சு. மெக்கானிக் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்ஜின் கல்லு மாதிரி இருக்குங்க, ஆனா வெளிய பார்த்தா கிழடு தட்டின மாதிரி இருக்கே, அந்தக் கறுப்பு பிளாஸ்டிக்கை மட்டும் சரி பண்ணிட்டா போதும்" என்றார். அப்போதுதான் நானும் நின்று பார்த்தேன். வெள்ளைப் பெயிண்ட் துடைத்தால் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் முன் பம்பர், பின் பம்பர், கதவில் நீளமாக ஓடும் பட்டை, பக்கக் கண்ணாடிகளின் கூடு, வைப்பருக்குக் கீழே இருக்கும் பலகை என்று கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் வெயில் தின்று சாம்பல் பூத்துக் கிடந்தது, நடுநடுவே வெள்ளைத் திட்டு வேறு. நீ ஒன்பதாவது படிக்கும்போது வாங்கிய வண்டி. முதல் நாள் அந்தக் கறுப்புப் பட்டையில் உன் முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாய், நினைவிருக்கிறதா.

கறுப்பாக்க என்ன செய்வது, எனக்குத் தெரிந்த வழியில் சமையல் எண்ணெயை ஒரு துணியில் நனைத்துத் தேய்த்துவிட்டேன். பெருமையாக இருந்தது, புத்தம் புதுசு போல மினுமினுத்தது. அப்பா வாசலுக்கு வந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "என்ன, வாசல்ல தாளிக்கறியா" என்றார். மறுநாள் காலை தெருப்புழுதி எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு மாவில் புரட்டி எடுத்தது போல இருந்தது, மத்தியானம் ஒரு தூறல் போட்டதும் எண்ணெய் கோடுகோடாக வெள்ளைப் பெயிண்டில் வழிந்துவிட்டது. அப்பா நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நாலு வருஷத்தில் அந்த வண்டிக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். உட்கார்ந்தபடியே உத்தரவு போட ஆரம்பித்தார். சோப்புத் தண்ணீர் வை, பழைய பல் பிரஷ் இரண்டு கொண்டு வா, பிளாஸ்டிக்கில் பொடிப்பொடியாகப் புள்ளி இருக்கிறதே அந்தக் குழிக்குள் எல்லாம் அழுக்கு உட்கார்ந்திருக்கும், துணி போதாது, பிரஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். நான் தேய்க்கத் தேய்க்கப் பொறுக்கவில்லை அவருக்கு, பத்து நிமிஷத்தில் தானே கீழே உட்கார்ந்துவிட்டார். கண் தெரியாவிட்டால் என்ன, விரலை ஓட்டிப் பார்த்து, "இங்க இன்னும் வழுவழுங்குது, எண்ணெய் போகல" என்று என்னைவிட நன்றாகக் கண்டுபிடித்தார். சோப்புக்குப் பிறகு ஸ்பிரிட்டில் துணியை நனைத்து ஒரு தடவை துடைத்தோம், துணி சாம்பல் நிறமாக வந்துகொண்டே இருந்தது, அது வெள்ளையாக வரும்வரை விடக் கூடாது என்றார். முதல் நாள் பின் பம்பர் மட்டும்தான் முடிந்தது.

பின் பம்பரின் மூலையில் அந்த ஆழமான கீறல் அப்படியே இருக்கிறது. பிரஷ் அதில் தட்டியதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். லைசென்ஸ் வாங்கின மூன்றாம் நாள் நீ பின்னால் எடுக்கிறேன் என்று எதிர்வீட்டு மதிலில் ஏற்றினாயே. வெளியே வந்து பார்த்தவர்களிடம் எல்லாம் அப்பா, நான்தான் இடித்துவிட்டேன், கவனப் பிசகு என்று சொன்னார். டிரைவிங் வாத்தியார் நின்ற சுவரில் போய் மோதினார் என்று ஒரு மாதம் தெருவே சிரித்தது. யார் கிண்டல் செய்தாலும் தலையை ஆட்டிக்கொண்டு போவார். கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகள் கொஞ்சம் பிசகினால் அந்தச் சத்தம் போடுகிறவர், உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று இத்தனை வருஷம் கழித்து அன்றைக்குக் கேட்டேன். "அவ கையெல்லாம் நடுங்கிட்டிருந்தது, அப்ப சத்தம் போட்டிருந்தா மறுபடி ஸ்டியரிங் தொட்டிருக்க மாட்டா" என்றார். எனக்கு உள்ளே சுருக்கென்றது, அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் நாள் காலையில் மிச்ச இடமெல்லாம் பிரஷ் போட்டு முடித்ததும் மெக்கானிக் ஒரு சின்னப் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார், இதற்கென்றே வருகிற கறுப்புப் பூச்சு. சூடான காற்றை ஊதி உள்ளே இருக்கிற கறுப்பை வெளியே கொண்டுவரும் வித்தையும் இருக்கிறதாம், கொஞ்சம் அசந்தால் பிளாஸ்டிக் உருகிவிடும், நமக்கு வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். பெயிண்டில் படாமல் இருக்கச் சுற்றிலும் காகித டேப் ஒட்டினோம், ஒட்டுவது நான், நேராக இருக்கிறதா என்று நகத்தால் தடவிச் சொல்வது அவர். வெயிலில் வைத்துப் பூசக் கூடாது, பூசும்போதே காய்ந்து திட்டு விழும் என்று மெக்கானிக்கிடம் வண்டியை நிழலுக்குத் தள்ளி வைக்கச் சொன்னார். ஸ்பாஞ்சில் நாலு சொட்டு விட்டு மெல்லிசாக இழுத்தால் சாம்பல் மறைந்து கறுப்பு ஓடி வருகிறது, பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. அப்படிப் பூசிக்கொண்டே பின் கதவுக்கு வந்தேன். நீ பத்தாவது பரீட்சை முடிந்த அன்று அந்தப் பட்டையில் ஒரு தடித்த நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டினாய், உரித்தால் உங்களோடு பேச மாட்டேன் என்று அப்பாவிடம் சொன்னதால் அவரும் தொடவே இல்லை. காலையில் அப்பா அங்கே பிரஷ் போட்டபோது அது தானாக உரிந்து வந்திருக்கிறது. அதன் கீழே வெயில் படாமல், சுற்றிலும் சாம்பலுக்கு நடுவே ஒரு நட்சத்திரம் மட்டும் அன்று வாங்கியது போலக் கரேலென்று இருந்தது. ஸ்பாஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். என்ன ஆயிற்று என்றார். சொன்னேன். விரலால் தடவிப் பார்த்தார், தடவினால் என்ன தெரியும், அது நிறம்தானே. பிறகு கையை எடுத்துக்கொண்டு, "போடு" என்றார். ஒரே இழுப்பில் எல்லாம் ஒன்றாகிவிட்டது, நட்சத்திரம் எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது என்று குரலில் கண்டுபிடித்துவிட்டார். "எதுக்கு அழறே, அந்தக் கறுப்பு எங்கயும் போகல, மத்ததெல்லாம் அதோட சேர்ந்துக்கிச்சு, அவ்வளவுதான்" என்றார்.

மூன்றாம் நாள் இரண்டாவது பூச்சு, அதற்கப்புறம் ஒரு நாள் தண்ணீர் படாமல் வைத்திருந்தோம், ஞாயிற்றுக்கிழமை வண்டி கேட்ட வாத்தியார் வந்தார். நல்ல மனிதர். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து வாய் ஓயாமல் பாராட்டினார். அப்பா வாசல்படியில் நின்று, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நிற்கும் பெண்ணின் தகப்பன் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். வாத்தியார் பேச்சோடு பேச்சாக, "ஏங்க இவ்வளவு நல்லா வெச்சிருக்கிற வண்டியைக் குடுக்கறீங்க, வீட்ல வேற யாரும் ஓட்ட மாட்டாங்களா" என்று கேட்டார். அப்பா வாயைத் திறப்பதற்குள் நான், "நான் ஓட்டுவேன்" என்று சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை மகளே, வந்துவிட்டது. அப்பா தலையை முழுதாக என் பக்கம் திருப்பிப் பார்த்தார், அப்படித் திருப்பினால்தான் அவருக்கு ஆள் தெரியும்.

உனக்கும் இது செய்திதான். கல்யாணமான புதிதில் அப்பாவிடம் எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டேன். முதல் நாளே நாலு ரோடு சேரும் இடத்தில் அப்போதிருந்த வண்டி நின்றுபோய், பின்னால் ஹாரன் அடிக்க, அவர் போட்ட சத்தத்தில் நான் கதவைத் திறந்துகொண்டு இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் பின்னாலேயே வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். அதோடு நான் கேட்கவும் இல்லை, அவர் கூப்பிடவும் இல்லை. அப்புறம் நீ காலேஜ் விடுமுறைக்கு வந்திருந்தபோது குடல்வால் வெடிக்கிற நிலைமையில் துடித்தாயே, அப்பா வெளியூரில். வண்டி வாசலில் நிற்கிறது, சாவி ஆணியில் தொங்குகிறது, நான் தெருவில் நின்று போகிற வருகிற வண்டிக்கெல்லாம் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். நீ பிழைத்து வீட்டுக்கு வந்த அடுத்த வாரம் மார்க்கெட் தெருவில் பெண்களுக்கு ஓட்டக் கற்றுத் தரும் அம்மாளிடம் போய்ச் சேர்ந்தேன். நூலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவேன். லைசென்ஸ் வாங்கினேன், பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அவள் வண்டியை ஓட்டுவேன், காலாவதி ஆகாமல் புதுப்பித்தும் வந்தேன். டிரைவிங் வாத்தியார் மனைவி வேறு ஆளிடம் கற்றுக்கொண்டாள் என்றால் அவருக்குத் தலைக்குனிவு இல்லையா, அதனால் சொல்லவில்லை. அவருக்குக் கண் போன பிறகு சொன்னால் குத்திக்காட்டுவது போல ஆகிவிடும், அதனாலும் சொல்லவில்லை.

வாத்தியார் நாகரிகமாக, யோசித்துச் சொல்லுங்கள் என்று போய்விட்டார். லைசென்ஸைக் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்தேன். கண்ணருகே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மத்தியானம் சாப்பிடும்போதும் அதைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். நாலு மணிக்குக் காபி கொடுத்தபோது, "யார்கிட்ட கத்துக்கிட்ட" என்றார். மார்க்கெட் தெரு அம்மாள் பெயரைச் சொன்னதும், "அது என் ஸ்டூடண்ட்தான்" என்றார். அது எனக்கும் தெரியும். அவள் கிளட்ச் விடச் சொல்லிக்கொடுத்ததே அப்பா வார்த்தையில்தான், தூங்குகிற குழந்தைக்குக் கீழே இருந்து கையை உருவுவது போல விடு என்று. அதைச் சொன்னேன். முகம் கொஞ்சம் இளகியது. பிறகு மெதுவாக, "அன்னைக்கு நாலு ரோட்டுல நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது" என்றார். முப்பத்தாறு வருஷம் ஆகிறது மகளே, நான் எதிர்பார்க்கவே இல்லை. சரி விடுங்கள், நாளைக்குக் காலையில் கண் டாக்டரிடம் போகலாம், நான் ஓட்டுகிறேன் என்றேன். வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் எனக்கு முன்னால் சட்டை போட்டுத் தயாராக நின்றார். பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தவர், வழி முழுக்க ஒரு தடவைகூடச் சத்தம் போடவில்லை. கால் மட்டும் சும்மா இருக்கவில்லை, டிரைவிங் ஸ்கூல் வண்டியில் கற்றுக்கொடுப்பவர் பக்கம் ஒரு பிரேக் இருக்குமே, அந்த ஞாபகத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் வெறும் தரையை மிதித்துக்கொண்டே வந்தார். நான் பார்க்காதது போல ஓட்டினேன். டாக்டரம்மா நன்றாகத் திட்டினார், திட்டு இரண்டு பேருக்கும்தான். கண்ணில் அழுத்தம் ஏறியிருக்கிறதாம், மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார். போன பார்வை திரும்பாது, ஆனால் இப்போது இருப்பதை ஒழுங்காக வந்தால் காப்பாற்றிவிடலாம் என்று சொன்னார். இன்னும் சில மாதம் விட்டிருந்தால் அதுவும் கஷ்டம்தானாம். வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது அங்கே வண்டி நிறுத்தச் சீட்டு கொடுக்கிற ஆள் பம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, புது வண்டியா சார் என்று அப்பாவிடம் கேட்டார். "வண்டி பழசுதாம்பா, டிரைவர்தான் புதுசு" என்றார் உன் அப்பா. சொல்லிவிட்டுத் தானே வாய்விட்டுச் சிரித்தார், நாலு வருஷத்துக்கு அப்புறம் அந்தப் பெரிய சிரிப்பைக் கேட்டேன்.

வாத்தியாரிடம் வண்டி இல்லை என்று சொல்லியாகிவிட்டது. இனி ஆறு வாரத்துக்கு ஒரு முறை டாக்டர், நானே கூட்டிப்போவேன், இனிமேல் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். இந்தக் கண் அழுத்தம் பிள்ளைகளுக்கும் வரலாம் என்று டாக்டரம்மா இரண்டு தடவை அழுத்திச் சொன்னார், வலி ஒன்றும் தெரியாதாம், அதனால் சாக்கு சொல்லாமல் இந்த மாதத்துக்குள் உன் கண்ணைக் காட்டிவிட்டு என்ன சொன்னார்கள் என்று எழுது, போனில் சொன்னால் அப்பா பயந்துபோவார். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு, சின்னவளுக்கு முத்தம். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், நிறைந்த மனசோடு நீடூழி வாழ வேண்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
உன் அம்மா