தேங்காய் எழுந்து நின்ற இடம்

திருச்செங்கோடு,
ஞாயிறு காலை.

அன்பு மகள் மோகனப்பிரியாவுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், அந்த டென்மார்க் குளிரிலும் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறோம். துடிக்கிற நட்சத்திரம் தன்னைத்தானே சுற்றுவதால் அதன் துடிப்பின் ஒரு சுருதி பல சுருதிகளாகப் பிரிகிறது, அந்த இடைவெளியை அளந்தால் உள்ளே சுற்றும் வேகம் தெரியும் என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்கு முட்டையை வைத்து விளக்கினேன். பச்சை முட்டையைச் சுழற்றி, விரலால் ஒரு நொடி நிறுத்தி, விரலை எடுத்தால் மறுபடி சுற்றும், ஓடு நின்றாலும் உள்ளே நிற்கவில்லை, உடைக்காமலே தெரிகிறது பார் என்றேன். புரிந்தது என்று சொல்லி அதையே ஆம்லெட் போட்டுவிட்டாள்.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. நீ அளந்த பதினோரு நட்சத்திரத்தில் ஒன்றின் மையம் மட்டும் உங்கள் பேராசிரியரின் கணக்கைவிட மெதுவாகச் சுற்றுகிறதாம், நான்கு முறை பார்த்தும் அளவில் பிழையில்லையாம், ஆனாலும் ஆய்வேட்டில் அதை விட்டுவிடு, இல்லையென்றால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும் என்கிறாராம், விட்டுவிடட்டுமா அப்பா என்று கேட்கிறாய். இப்படி ஒருவரைப் பார்க்க டென்மார்க் வரைக்கும் போக வேண்டுமா சாமி? இங்கே உன் மாமன் சடையன் இருக்கிறாரே. போன மாதம் நம் கொல்லையில் போர்க்கிணறு போட, நீரோட்டம் பார்க்கிறேன் என்று உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடந்தார். வேப்பமரத்தடியில் அது எழுந்து நின்றது. "போர் போடற ரிக் வண்டி ரெண்டு வெச்சிருக்கறவன் சொல்றனுங்க மச்சான், கீழ தண்ணி குதிக்குது" என்றார். தொள்ளாயிரம் அடி வரைக்கும் புழுதிதான் குதித்தது, அம்மா காயப்போட்ட துணியை எல்லாம் மறுபடி துவைத்தாள். மாமன் அசரவில்லை. "தேங்கா சரியாத்தானுங்க சொல்லுச்சு, பூமிதான் ஏமாத்திப்போடுச்சு" என்றார். தண்ணீர் வந்த போர்களை மட்டும் அவர் ஊரெல்லாம் சொல்வார், வராத குழிகளை மூடி போட்டு மண் தள்ளிவிடுவார்கள், பிறகு அவர் தேங்காய் எப்படித் தோற்கும்? உன் பேராசிரியரும் ஒரு தேங்காய் வைத்திருக்கிறார், கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

இதில் என் யோக்கியதையையும் கேள். முப்பத்து நான்கு வருடம் அறிவியல் பாடம் நடத்தியவன், மாமன் மனம் நோகக்கூடாது என்று அன்று கைகட்டி நின்றேன். பிறகு அந்தக் குழிமேல் மண் தள்ளியதும் நான்தான். உன் கடிதம் படித்ததும் வெட்கமாகிவிட்டது. நேற்று மண்ணை விலக்கி, இரும்பு மூடிமேல் வெள்ளைப் பெயின்டில் எழுதினேன்: 900 அடி, தண்ணீர் இல்லை. "ஏனுங்க மச்சான், எம்பட மானத்த வாங்கறீங்க" என்று கோபித்துக்கொண்டு மாமன் காபி கூடக் குடிக்காமல் போய்விட்டார். எதிர்வீட்டு சாரதாமணி வந்து படித்துவிட்டு, "நாளைக்கு எங்கூட்லயும் தேங்கா பாக்கச் சொல்லியிருந்தனுங்க, வேண்டாமுன்னு சொல்லிப்போடறன்" என்றாள்.

பட்டம் தள்ளிப்போனால் போகட்டும், அந்த நட்சத்திரத்தை எழுது. நீடூழி வாழ்க. காதை மூடாமல் வெளியே போகாதே. ஆய்வேடு வந்ததும் நான் முதலில் தேடப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.

உன் அப்பா,
அர்த்தநாரி