அண்ணி பேசிய பிரெஞ்சுப் படம்

அன்பும் அதட்டலும் சரிபாதியாகக் கலந்த என் அண்ணிக்கு,

நலமா என்று எழுதத்தான் கை போகிறது. போய்ச் சேர்ந்தவர்களிடம் அதைக் கேட்கலாமா, கூடாதா? தெரியவில்லை. அதனால் எங்கள் நலத்தை நானே சொல்லிவிடுகிறேன். அண்ணன் இளைத்திருக்கிறார், ஆனால் சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று டாக்டர் முதுகில் தட்டிக் கொடுத்தார். உங்கள் மகள் மீனு சென்னை வேலையில் நிலைத்துவிட்டாள். நம் ஊருக்குப் பெயர் மாற்றிவிட்டார்கள் அண்ணி. போர்ட் பிளேர் என்று எழுதினாலும் சரி, புதுப் பெயரை எழுதினாலும் சரி, பார்சல் மட்டும் பழைய தாமதத்தோடுதான் வந்து சேர்கிறது.

இதெல்லாம் பெரிய செய்தி இல்லை. பெரிய செய்தி இதுதான்: நம் மூன்றாம் பெட்டிப் படத்தைச் சப்டைட்டிலோடு பார்த்துவிட்டோம்.

அங்கே இருந்தபடி நெஞ்சில் கைவைத்துக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுங்கள். பக்கத்தில் நின்று இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்றும் புரியாது, அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

அபர்தீன் பஜாரில் ஒரு வீடியோ கடையை மூடினார்கள். கடைக்காரர் சரக்கையெல்லாம் வாசலில் கொட்டி வந்த விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார். தையல் நூல் வாங்கப் போன நீங்கள் ஒரு தடித்த அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். "உள்ளுக்கு என்னா இருந்தா நமக்கென்னா? அட்டை கெட்டியா இருக்கு, நூல்கண்டு போட்டு வைக்க ஏலும்" என்றீர்கள். கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தும், உங்கள் பெற்றோர் இலங்கை மலையிலிருந்து கொண்டுவந்த 'ஏலும்', 'ஏலாது' உங்கள் வாயைவிட்டுக் கடைசிவரை போகவில்லை.

உள்ளுக்கு இருந்தவை ஒரு பிரெஞ்சு இயக்குநரின் படங்கள். மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், கேபிளும் போய்விட, வேறு வழியில்லாமல் அதில் ஒன்றைப் போட்டீர்கள். திரையில் ஒருவன் உருளைக்கிழங்கு உரிக்கிறான், உரிக்கிறான், உரித்துக்கொண்டே இருக்கிறான். "இவன் எப்ப உரிச்சு, எப்ப குழம்பு வைக்கிறது?" என்று அம்மா அலுத்துக்கொண்டார். நீங்கள் டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தீர்கள். "பொறுங்க அத்த. அவன் அழுவுறான், கண்ணீர்தான் வரல. கையைப் பாருங்க." அம்மாவும் பார்த்தார். அன்றைக்கு நம் வீட்டில் இட்லிக்கு மாவு ஆட்ட மறந்துபோனது.

அப்புறம் பிடித்தது பைத்தியம். இங்கிருந்து மெயின்லேண்டுக்குக் கப்பலேறுகிற யாரும் வெறுங்கையோடு திரும்ப முடியாது, பக்கத்து வீடு முதல் பக்கத்துத் தெருவரை ஆளுக்கொன்று சொல்லி அனுப்புவார்கள். மற்றவர்கள் பட்டுப்புடவை, மூட்டுவலித் தைலம், நாட்டுக் கத்தரி விதை என்று சொல்லி அனுப்ப, நீங்கள் மட்டும் "அந்தப் பிரெஞ்சுக்காரரோட அடுத்த பெட்டி" என்று சொல்லி அனுப்பினீர்கள். ஒருவர் பிரெஞ்சு செண்ட் வாங்கி வந்தார். இன்னொருவர் பிரெஞ்சு மொழி கற்றுக்கொள்ளும் டிஸ்க் வாங்கி வந்தார். அதையும் விடாமல் போட்டுப் பார்த்தீர்கள். அதில் ஒரு ஆள் கடைசிவரை ஸ்டேஷனுக்கு வழி கேட்டுக்கொண்டே இருந்தான். "முகத்துல ஒண்ணுமே வரல, இவனை நம்ம ஆளு படத்துல சேர்க்க மாட்டாரு" என்று தீர்ப்புச் சொன்னீர்கள்.

கடல் காற்றில் டிஸ்க்கில் பூஞ்சை வெள்ளைவெள்ளையாய்ப் பூத்துவிடும். அதற்காக அலமாரிக்குள் ஒரு ஜீரோ வாட் பல்பைப் போட்டு எந்நேரமும் எரியவிட்டீர்கள். வீட்டில் சாமி விளக்கு அணைந்தாலும் பிரெஞ்சுக்காரர் விளக்கு அணையாது என்று அம்மா குத்திக்காட்டுவார். ஆனால் கரண்ட் போய்வந்தால் அந்த ஸ்விட்சை முதலில் பார்ப்பவரும் அம்மாதான்.

உங்களுக்கு இன்னொரு வழக்கம் இருந்தது. பெட்டி வந்ததும் யாருமில்லாத நேரத்தில் ஒவ்வொரு டிஸ்க்கையும் நீங்கள் மட்டும் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பீர்கள். கீறல் இருந்தால் திருப்பி அனுப்ப அடுத்த கப்பலைப் பிடிக்க வேண்டுமே. அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை, நம் ஹேடோ துறைமுகக் குவார்ட்டர்ஸ் கூடத்தில், எல்லாருக்கும் காட்சி.

இரண்டு பெட்டிகள் அப்படிச் சேர்ந்தன. அவற்றில் ஆங்கில சப்டைட்டில் இருந்தது. மீனு அதைப் படித்துத் தமிழில் சொல்வாள். அவள் சொல்வதை நீங்கள் பக்கத்து வீட்டு பௌதிக்கு இந்தியில் சொல்வீர்கள். வங்காளத்தில் பௌதி என்றால் அண்ணி. ஒரு அண்ணி இன்னொரு அண்ணிக்குச் சொன்ன பிரெஞ்சுக் கதையைக் கேட்டு அந்தக் குவார்ட்டர்ஸ் லைனே சிரித்தது.

இதுவரை எழுதியதெல்லாம் நீங்கள் சொல்லிக் கேட்டது. மூன்றாம் பெட்டி வந்த சமயத்தில்தான் நானும் வந்தேன்.

அதை மறைக்க என்ன இருக்கிறது? மதுரையில் வாக்கப்பட்டுப் போனவள், புருஷனோடு இனி முடியாது என்று தெரிந்த பிறகு சென்னையில் கப்பலேறி ஹேடோ துறையில் சூட்கேஸோடு இறங்கினேன். நீங்கள் காரணம் கேட்கவில்லை. "கப்பல்ல சோறு வாயில வைக்க ஏலாதே, வா செல்வி" என்று மட்டும் சொன்னீர்கள். அம்மாவுக்குத்தான் ஆறவில்லை. "சூட்கேஸத் தூக்கிட்டு வந்து நிக்கிறாளே" என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் கண்ணைத் துடைத்தார். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் நான் எழுந்து பின்பக்கம் போய்விடுவேன்.

அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தது வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் வேலை பார்த்த குவார்ட்டர்ஸ் பையன். பிரான்சிலேயே ஒரு துறைமுகத்தில் வாங்கி வந்திருந்தான். அசல் சரக்கு. ஆனால் அதில் பிரெஞ்சைத் தவிர வேறு எழுத்து ஒன்றும் இல்லை. மீனு கையை விரித்துவிட்டாள். வழக்கம்போல ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த நீங்கள், "பாஷை எதுக்கு? நான் சொல்றேன் கதைய" என்று முன்னால் வந்து உட்கார்ந்தீர்கள்.

அந்தப் பெட்டியில் ரெண்டாவது படத்தை எப்படி மறப்பேன்? ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு முடிதிருத்துகிறவர், அவர் மனைவி. வாராவாரம் அவள் ஒரு சூட்கேஸை எடுத்துக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிறாள், பெஞ்சில் உட்காருகிறாள், ரயில் வந்து போகிறது, அவள் வீட்டுக்குத் திரும்புகிறாள். இதுதான் படம். "அரே, யே ஔரத் கஹாங் ஜா ரஹி ஹை?" என்று பௌதி கேட்டார். இவள் எங்கே போகிறாள் என்றுதான் எல்லாருக்கும் சந்தேகம்.

நீங்கள் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "எங்கயும் போகல பௌதி. இவ தங்கச்சி தூரத்துல இருந்து வரணும். நாம காலிப் பையோட கப்பல் ஜெட்டிக்குப் போறது இல்லையா, மெயின்லேண்டுல இருந்து வர்றவங்க சாமான் கொண்டாருவாங்கன்னு? அது மாதிரி இவ காலி சூட்கேஸோட போறா." கூடமே தலையாட்டியது. இங்கே அதைவிடப் புரிகிற கதை உண்டா? கடைசியில் புருஷன் வந்து பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ சொன்னான். "இன்னைக்கும் அவ வரல. அடுத்த வண்டியில வருவா, வா, சாப்பிடப் போவோம்" என்று அவனுக்காக நீங்கள் பேசினீர்கள். அம்மா மூக்கைச் சிந்தினார். "தங்கம்டா அந்த மாப்பிள்ளை" என்றார்.

அன்றுமுதல் நம் குடும்பத்துக்கு அதுதான் கதை. தாமதமான கப்பலுக்காகக் காத்திருக்கும்போதெல்லாம் 'அடுத்த வண்டியில வருவா' என்பது நம் வழக்கமே ஆகிவிட்டது.

இப்போது கடலுக்கடியில் கேபிள் போட்டு நெட் பறக்கிறது. எல்லாப் படமும் செல்போனில் கிடைக்கிறது, எதற்கு இத்தனை பெட்டி என்று கேட்கிறார்கள். ஆனால் அந்த முடிதிருத்துகிறவர் படம் மட்டும் எதிலும் இல்லை. மீனு விடாமல் தேடி, யாரோ வைத்திருந்த பழைய பெட்டி ஒன்றை ஆங்கில சப்டைட்டிலோடு வாங்கி, லீவில் வரும்போது கையோடு கொண்டுவந்தாள்.

அண்ணன் அதைத் தொடவிடவில்லை. நீங்கள் போன பிறகு அவர் டிவி முன்னால் உட்காரவே இல்லை, அது எங்களுக்குப் பழகிவிட்டது. ஆனால் இது வேறு மாதிரி இருந்தது. "சோடோ, விட்டுடு, அதைப் போடாத" என்றார். பிளேயர் ரிப்பேர் என்றார். அது ஓடியதும், கரண்ட் வோல்டேஜ் சரியில்லை என்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற மனிதருக்கு ஒரு பொய் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. நான் வீம்பாக நின்றேன். அவரை அந்த நாற்காலியில் திரும்ப உட்காரவைக்க வேண்டும், ஒரு ஞாயிறாவது பழைய ஞாயிறாக வேண்டும். எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு பௌதியையும் அழைத்துவிட்டேன். விருந்தாளி முன்னால் சண்டை போட மாட்டார் என்ற தைரியம்தான். அண்ணன் கதவருகே நின்றுகொண்டார். உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. நான் டிஸ்க்கைப் போட்டேன்.

சப்டைட்டில் ஓட ஓட நான் டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன் அண்ணி. தங்கச்சியே கிடையாது. சூட்கேஸ் காலியும் இல்லை. அவள் புருஷனை விட்டுப் போகத்தான் வாராவாரம் ஸ்டேஷனுக்கு வருகிறாள். ஏற மனம் வராமல் திரும்புகிறாள். நீங்கள் கட்டியெழுப்பியது அத்தனையும் தப்பு என்று திரை வரிக்கு வரி சொல்லிக்கொண்டிருந்தது.

மீனு சிரித்துவிட்டாள். ஆசையாகத்தான் சிரித்தாள். "பாவம் அத்த, எங்கம்மா. ட்ரெயினே ஏறினதில்ல, ஜெட்டின்னு நெனச்சுட்டாங்க." நானும் சிரித்துவைத்தேன். இதற்காகவா அண்ணனோடு மல்லுக்கட்டினேன் என்று இருந்தது.

அப்போது கதவருகே இருந்து அண்ணன் பேசினார். "உங்கம்மா தப்பாச் சொல்லலம்மா. மாத்திச் சொன்னா."

நாங்கள் திரும்பினோம். அவர் என்னைப் பார்க்கவில்லை, டிவியையே பார்த்துக்கொண்டு சொன்னார். "ஓட்டிப் பார்த்த அன்னைக்கே எங்கிட்ட வந்து சொல்லிட்டா, அந்தப் பொம்பள புருஷனை விட்டுட்டுப் போகத்தான் வர்றான்னு. பாஷை தெரியாம உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன். 'பொம்பள சூட்கேஸ் தூக்குற தோரணையப் பார்த்தாத் தெரியாதா, காலியா, துணி வச்சதான்னு?' அப்படின்னா. அப்புறம், 'கூடத்துல அத்த இருப்பாங்க, பௌதி இருப்பா, இன்னும் நாலு பேரு இருப்பாங்க. செல்வியும் இருப்பா. இந்தக் கதையச் சொன்னா எல்லாக் கண்ணும் எங்க திரும்பும்? என்னால ஏலாது'ன்னா. செல்விகிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. அதான் போட வேணாம்னேன்."

அண்ணி, நான் அழுதேன். பௌதி என்னவென்று தெரியாமல் என் முதுகைத் தடவினார். அழுதுகொண்டே சிரித்தேன், ஏனென்றால் இப்போது அங்கே உங்கள் பக்கத்தில் இருக்கும் அம்மாவையே நினைத்துப் பாருங்கள், 'தங்கம்டா அந்த மாப்பிள்ளை' என்றாரே! அன்று ஒரு நாள்தான் அந்தக் கூடத்திலிருந்து எழுந்து பின்பக்கம் போகாமல் படம் முழுவதையும் பார்த்தேன் என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். போகவேண்டிய தேவையே வராமல் நீங்கள் பார்த்துக்கொண்டது எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே? சொல்லியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். நீங்கள் "எழும்பு, நாடகம் போடாத" என்றிருப்பீர்கள்.

அண்ணன் உட்கார்ந்துவிட்டார். ஆமாம், நாற்காலியில்தான். மீதிப் படத்தையும் பார்த்தோம். கடைசியில் அந்தப் புருஷன் என்னதான் சொன்னான் என்று உங்களுக்கும் ஆசையாக இருக்குமே? "போவதென்றால் போ. சூட்கேஸ் கனக்கிறது, வண்டிவரை நான் தூக்கி வருகிறேன்" என்கிறான். அம்மா சொன்னது சரிதான், மாப்பிள்ளை தங்கம். படம் முடிந்ததும் அண்ணன், "அவ சொன்னதும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். பிறகு டீ கேட்டார். இரண்டாவது டம்ளரும் கேட்டார்.

மீனு சென்னைக்குத் திரும்பிவிட்டாள். இனி ஞாயிறுகளில் சப்டைட்டில் படித்துச் சொல்வது என் வேலை. கூட்டம் பழையபடி சேர ஆரம்பித்திருக்கிறது. நான் வேலை பார்க்கும் படகுத்துறை டிக்கெட் கவுண்டரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பாராடாங் தீவுப் பெண் ஒருத்தியும் வருகிறாள். கைக்குழந்தையோடு சுவரோரம் உட்காருகிறாள். அப்பன் எங்கே என்று பௌதிக்கு நாக்கு அரிக்கிறது, நான்தான் பிஸ்கட் தட்டை நீட்டி நீட்டி அடக்கிவைத்திருக்கிறேன்.

அடுத்த வாரத்துப் படத்தை நேற்று தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டேன் அண்ணி. கீறல் இல்லை. ஆனால் அதில் ஒருவன் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறான், படம் முடியும்வரை திரும்புவதில்லை.

கவலைப்படாதீர்கள். அந்தப் பெண் நம் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்வரை அவன் கப்பல் வேலைக்குத்தான் போயிருக்கிறான், மாதாமாதம் பணம் அனுப்புகிறான். இது உங்கள் மேல் சத்தியம்.

நீங்கள் வளர்த்த வாயோடு,
உங்கள் ஒரே நாத்தனார்,
செல்வி